டல்சாவில் புதைத்த பிளிமத்: 50 ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த காரின் நிகழ்வு ஆய்வு

பழைய காரொன்றைச் சீரமைக்கக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் முதலில் சொல்வது, அது எத்தனை ஆண்டுகள் நின்றது, அதற்குமுன் எத்தனை மைல் ஓடியது என்னும் இரண்டு கணக்குகளைத்தான். வேலையை எடுத்துக்கொள்பவருக்கு இவ்விரண்டும் அவ்வளவாக உதவுவதில்லை. வண்டி எதற்குள் நின்றது, எதன்மேல் நின்றது, அங்கே ஈரம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனது என்பவை தெரிந்தால்தான் மிச்சமிருப்பதை மதிப்பிட முடியும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா நகரில் 1957-இல் புதைக்கப்பட்டு 2007-இல் வெளியே எடுக்கப்பட்ட பிளிமத் கார் இதற்கு மிகத் தெளிவான சான்று. அது கடையிலிருந்து வந்த புது வண்டி. சாலையில் ஓடியதே இல்லை என்று சொல்லிவிடலாம். 50 ஆண்டுகள் கழித்து எடுத்து ஓட்டுவதற்கென்றே, திட்டமிட்டு, பூச்சும் உறையும் போட்டு வைக்கப்பட்டது. அப்படி இருந்தும் அது மீண்டும் ஓடவில்லை. இனி ஓடப்போவதும் இல்லை.

புதைத்த விதம்

ஓக்லஹோமா 1907-இல் தனி மாநிலமானது. அதன் 50-ஆம் ஆண்டு விழாவை டல்சா நகரம் ‘டல்சராமா’ என்ற பெயரில் கொண்டாடியபோது, எதிர்காலத்துக்கு ஒரு கார் அனுப்புவது என்று முடிவு செய்யப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டது 1957-ஆம் ஆண்டு பிளிமத் பெல்வடியர். இரண்டு கதவுகளும், பக்கச் சன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத நிலையான கூரையும் கொண்ட ஹார்ட்டாப் வகை, தங்க நிறமும் மணல் வெண்மையும் கலந்த இரட்டை வண்ணம், பின்புறம் உயர்ந்து நிற்கும் துடுப்புகள். பிளிமத் கார்களைத் தயாரித்த கிரைஸ்லர் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் வர்ஜில் எக்ஸ்னரின் கைவண்ணம் அது. அரை நூற்றாண்டு கழிந்தாலும் அழகு குன்றாத வடிவம் என்பதே அதைத் தேர்ந்தவர்கள் சொன்ன காரணம்.

1957 ஜூன் 15 அன்று, டல்சா மாவட்ட நீதிமன்றத்தின் முன்னால், 12 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட கான்கிரீட் நிலவறைக்குள் கார் இறக்கப்பட்டது. அணுகுண்டு வீச்சையே தாங்கும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட அறை அது. அந்தக் காலத்தின் அச்சம் அப்படிப்பட்டது. காரின் மேல் துருத் தடுப்புப் பூச்சு பூசி, அதைச் சுற்றி நெகிழி உறை போட்டிருந்தார்கள். 2007-இல் பெட்ரோல் என்ற ஒன்றே கிடைக்காமல் போய்விடலாம் என்று கருதிப் பெட்ரோலையும் எஞ்சின் ஆயிலையும் கலன்களில் அடைத்துக் கூடவே வைத்தார்கள். ஒரு பெட்டி பீரும் உள்ளே போயிற்று. ஒரு பெண்ணின் கைப்பையில் அன்று என்னென்ன இருக்கும் என்று காட்டுவதற்காகக் கொண்டை ஊசி, உதட்டுச் சாயம், சூயிங்கம், மன அமைதிக்கான மாத்திரை, கொஞ்சம் சில்லறை, கட்டப்படாத ஒரு பார்க்கிங் அபராதச் சீட்டு ஆகியவற்றைக் காருக்குள் வைத்தார்கள். தனியாக ஓர் எஃகுப் பேழையை இறுக மூடி, அதில் 48 விண்மீன்கள் கொண்ட அன்றைய அமெரிக்கக் கொடி, கடிதங்கள், ஆவணங்கள் ஆகியவற்றை வைத்துக் காருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். இந்தப் பேழையைப் பிறகு திரும்பப் பார்ப்போம்.

2007-இல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று மிக நெருக்கமாகக் கணிப்பவருக்கோ அவர் வாரிசுக்கோ கார் சொந்தம் என்று போட்டியும் அறிவிக்கப்பட்டது. 3,84,743 என்று எழுதிக்கொடுத்தவர் வென்றார். உண்மையான எண் 3,82,457. அவர் 1979-இலேயே இறந்துவிட்டதால், முதுமையடைந்திருந்த அவருடைய இரண்டு சகோதரிகளுக்கும் உறவினர் ஒருவருக்கும் கார் போய்ச் சேர்ந்தது.

திறந்தபோது கண்டது

2007 ஜூன் மாதம், விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் அறையின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர். பல அடி உயரத்துக்குத் தேங்கியிருந்த நீரை இறைத்த பிறகுதான் காரைத் தூக்க முடிந்தது. கூரை வரை படிந்திருந்த சேறு, ஒரு கட்டத்தில் அறை முழுவதுமே நிறைந்திருந்ததைக் காட்டியது. ஜூன் 15 அன்று, மாநாட்டு அரங்கில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, உறை விலக்கப்பட்டது. தங்க நிறமும் வெண்மையும் இருந்த இடத்தில் செம்பழுப்பு மண் அப்பிய ஓர் உருவம் இருந்தது. தொலைக்காட்சியால் புகழ்பெற்ற கார் கட்டுநர் பாய்ட் காடிங்டன், எஞ்சினைக் கிளப்பிவிடலாம் என்ற நம்பிக்கையுடன் தம் குழுவோடு வந்திருந்தார். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. இருக்கைத் துணி மட்கிப் போயிருந்தது; கைப்பைப் பொருள்களில் பெரும்பாலானவை அடையாளம் தெரியாதபடி கரைந்திருந்தன.

பக்கத்திலிருந்த எஃகுப் பேழையைத் திறந்தபோது உள்ளே இருந்த கொடியும் காகிதங்களும் நல்ல நிலையில் இருந்தன. இந்த நிகழ்வில் மிகவும் கவனிக்கவேண்டிய சான்று இதுதான் என்பது என் கருத்து. ஒரே குழி, ஒரே நீர், ஒரே 50 ஆண்டுகள். பேழை முழுதாக மூடப்பட்டிருந்தது. கார் பாதி மூடப்பட்டிருந்தது. நீர் பேழைக்குள் நுழையவில்லை. காரைச் சுற்றிய உறைக்குள் நுழைந்தது, ஆனால் நுழைந்த வழியாகத் திரும்பிப் போக முடியவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று

கான்கிரீட் பார்வைக்குப் பாறைபோல் இருந்தாலும் அதன் உள்ளே நுண்துளைகள் நிறைந்துள்ளன. வெளிப்புறத்தில் தார்ப்பூச்சோ நீர்த்தடுப்பு விரிப்போ இல்லாமல், அடியில் வடிகாலும் இல்லாமல் மண்ணுக்குள் கட்டிய எந்தக் கான்கிரீட் தொட்டியும் காலப்போக்கில் நிலத்தடி நீரோடு சமமாகிவிடும். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் சுவரின் தடிமன் போதும். நீரைத் தடுப்பதற்கு இணைப்புகளும் விளிம்புகளும் மூடி உட்காரும் இடமும் சரியாக இருந்தாக வேண்டும். டல்சாவில் கவனம் முதலாவதன்மீது இருந்தது. குண்டு விழவில்லை, மழை 50 ஆண்டுகளும் பெய்தது.

துருவுக்கு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். முழுவதும் மூழ்கி, நீர் அசையாமல் இருந்தால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பின் வேகம் குறையும். முழுவதும் உலர்ந்திருந்தாலும் குறையும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான எஃகு மிக மெதுவாகவே துருப்பிடிக்கிறது. மிக மோசமானது இவை இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு முறையும் புதிய காற்று ஈரமான எஃகைத் தொடுகிறது. அறை ஒரு காலத்தில் நிறைந்திருந்தது, திறந்தபோது ஓரளவே நீர் இருந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே நடந்தது அத்தகைய ஏற்ற இறக்கமே என்று ஊகிக்கலாம். உறைக்குள் தங்கிய ஈரம், நீர் வடிந்த காலங்களிலும் காரை உலரவிடாமல் பார்த்துக்கொண்டது. சமையலறையில் ஈரப் பாத்திரத்தை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதற்குமேல் வண்டியின் பிறவிக்குறையும் இருந்தது. 1957-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் தயாரிப்புகள் அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவரப்பட்டவை. தகடுகள் சரியாகப் பொருந்தாமை, மழைநீர்க் கசிவு, விரைவில் துருப்பிடித்தல் ஆகியவற்றுக்காகச் சாலையில் ஓடிய காலத்திலேயே பேர் கெட்டவை. எழிலான வெளித்தகடுகளின் அடியில் நீர் தேங்கும் மூலைகள் பல இருந்தன.

சேதத்தின் பரவலைப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். காரின் வெளிப்புறத் தகடு மெல்லியது, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். வண்டி முழுவதையும் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸ் அதைவிடத் தடிமனானது. ஆகவே முதலில் அழிய வேண்டியது தகடு என்று எதிர்பார்ப்போம். நடந்தது மாறாக இருந்தது: வெளித்தகடுகளின் பெரும்பகுதி வடிவத்தைக் காத்து நிற்க, சேஸிஸ் காகிதக்கூழ் பொம்மைபோல் நொய்ந்து போயிருந்தது. வெளித்தகட்டின் மேல் வண்ணப்பூச்சும், அதன்மேல் தடுப்புப் பூச்சும் இருந்தன. சேஸிஸின் பக்கச் சட்டங்களோ உள்ளீடற்ற பெட்டி வடிவம் கொண்டவை. அவற்றின் உட்புறத்தில் எந்தத் தூரிகையும் நுழைந்திருக்க முடியாது. உள்ளே புகுந்த நீரும் சேறும் வெளியேற வழியின்றித் தங்கின. ஆண்டுக்கு வெறும் 0.02 மில்லிமீட்டர் அரித்தது என்று வைத்துக்கொண்டாலும், 50 ஆண்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டும் 1 மில்லிமீட்டர் போய்விடும். உள்ளும் புறமும் சேர்த்தால் அதன் இரு மடங்கு. கிடப்பில் கிடந்த கார்களை ஆராய்பவர்கள் சிறு சுத்தியலால் சேஸிஸின் அடிப்பகுதியைத் தட்டி ஓசையைக் கேட்பது இதனால்தான். பளபளக்கும் கதவு அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

சீரமைப்பு என்று செய்தவை

விழா முடிந்த பிறகு கார் நியூ ஜெர்சி மாநிலத்தில் துரு நீக்கும் கரைசல்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டது. பொதுவான பட்டறை முறையில் மணல் பீய்ச்சித் துருவை நீக்கியிருந்தால், துருவோடு தகடும் பறந்திருக்கும். இத்தகைய வேலைக்கு ஏற்றது, துருவை மட்டும் மெல்லக் கரைத்து, கீழே உள்ள உலோகத்தை விட்டுவைக்கும் கரைசல்தான். ஒருமுறை பூசிக் கழுவி முடிக்கிற வேலை அன்று அது, மாதக்கணக்கில் நீண்டது. மண் அகன்ற இடங்களில் பழைய வண்ணத்தின் சாயல் தெரிந்தது, அடையாளம் தெரியாத உருவம் மறுபடியும் 1957 பிளிமத்தாகத் தோன்றத் தொடங்கியது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த வண்டியைப் பொறுத்தவரை நடந்த உண்மையான வெற்றி இது ஒன்றே.

அதற்குமேல் செய்த இயந்திர வேலை, காரை அதன் சொந்தச் சக்கரங்களில் நிற்கவைப்பதோடு முடிந்தது. பின்சக்கரங்களுக்கு மேல் எடையைத் தாங்கும் எஃகுப் பட்டைகளான லீஃப் ஸ்பிரிங்குகள் பொடிந்துவிட்டதால் வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். முன்பக்கச் சஸ்பென்ஷனையும் திரும்பக் கட்டினார்கள். மின்கம்பிகளின் காப்புறை போய்விட்டதால் வயரிங் என்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை. சேஸிஸ் எஞ்சினின் எடையோடு சாலை அதிர்ச்சியைத் தாங்கும் நிலையில் இல்லை என்பதால், ஓட்டுவது என்ற இலக்கு கைவிடப்பட்டது.

இந்த முடிவைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. வேறு வழி இருந்ததா என்று பார்க்கலாம். வேறொரு 1957 பிளிமத்தின் சேஸிஸை வாங்கி, அதன்மேல் இந்த பாடியை ஏற்றி, அரித்த அடித்தகடுகளை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைத்து, வேறு எஞ்சினைப் பொருத்தி, மீண்டும் தங்க வண்ணம் அடித்திருந்தால், ஓடும் கார் ஒன்று கிடைத்திருக்கும். அதில் டல்சாவின் மண்ணுக்குள் இருந்தது எது என்று கேட்டால், கதவையும் துடுப்பையும் காட்டவேண்டி வரும். நல்ல நிலையில் உள்ள இன்னொரு பெல்வடியரை வாங்குவதற்கு அதைவிடக் குறைவாகவே செலவாகும். பன்னாட்டுப் பழைமை வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐவிஏ பின்னாளில் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், பழைய வாகனத்தில் தலையிடுவதற்குமுன் இருப்பதைப் பாதுகாப்பதையே முதலில் நாடச் சொல்கிறது. அந்த அளவுகோலில் பார்த்தால், அரிப்பை நிறுத்தி, நிற்கவைத்து, அதற்குமேல் கை வைக்காமல் விட்டது சரியான முடிவே. ஒரே ஒரு குறை சொல்வேன்: ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கை தொடக்கத்தில் மிகவும் உரக்கப் பேசப்பட்டுவிட்டது. அதனால் நிறுத்திக்கொண்டது விவேகமாகத் தோன்றாமல் ஏமாற்றமாகத் தோன்றிற்று.

துரு நீக்கிய பிறகும் காரை வைக்க இடம் எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனும் டல்சா நகரமும் ஏற்க முன்வராத நிலையில், 2017-இல் அது இல்லினாய் மாநிலம் ராஸ்கோவிலுள்ள ஒரு தனியார் கார் அருங்காட்சியகத்துக்குப் போனது.

மணலில் கிடந்த மற்றொன்று

புதைந்த கார் எதுவும் மீளாது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழையாகிவிடும். வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரையில் 1927 மார்ச் 3 அன்று, தரைவழி வேகச் சாதனைக்கு முயன்ற ஜே. ஜி. பாரி-தாமஸ் ‘பாப்ஸ்’ என்ற தம் காரில் உயிரிழந்தார். 27 லிட்டர் கொள்ளளவுள்ள ‘லிபர்ட்டி’ விமான எஞ்சின் பொருத்திய அந்தக் காரில்தான் அவர் முந்தைய ஆண்டு ஏப்ரலில் மணிக்கு 171.02 மைல் வேகத்தை எட்டியிருந்தார். விபத்துக்குப் பின் காரை அங்கேயே மணல்மேட்டில் புதைத்துவிட்டார்கள். யாரும் பூச்சு பூசவில்லை, உறை போடவில்லை, மீண்டும் எடுக்கும் எண்ணமே இல்லை. 42 ஆண்டுகள் கழித்து, 1969-இல், பேங்கர் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன் அதைத் தோண்டி எடுத்தார். சுமார் 15 ஆண்டு உழைப்புக்குப் பின் பாப்ஸ் மீண்டும் இயங்கியது.

உப்புக்காற்று வீசும் கடற்கரையில் விட்டெறிந்தது பிழைக்க, நன்னீர் நாட்டில் பொத்திவைத்தது போய்விட்டதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். மணலில் மேலே விழுந்த நீர் தேங்காமல் கீழே வடியும்; அழுந்திக் கிடக்கும் மணலுக்குள் காற்றோட்டம் குறைவு. அதைவிட முக்கியமானது வண்டியின் உடற்கட்டு. பந்தயத்துக்கென்று கட்டிய பாப்ஸின் சட்டமும் அச்சுகளும் எஞ்சின் வார்ப்புகளும் கனமானவை. அரிப்பு மேல்தோலை எடுத்துக்கொண்ட பிறகும் உள்ளே வலு மிச்சமிருந்தது. அதன் மெல்லிய வெளியுடல் பிழைக்கவில்லை, அதைப் புதிதாகத்தான் செய்தார்கள். ஆட்களைப் பற்றியும் ஒரு சொல்: ஒரே மனிதர் 15 ஆண்டுகள் விடாமல் உட்கார்ந்து செய்த வேலைக்கும், விழா மேடையில் சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

இத்தாலி–சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜ்ஜோரே ஏரியில் 53 மீட்டர் ஆழத்தில் கிடந்து, 2009 ஜூலையில் மேலே எடுக்கப்பட்ட 1925-ஆம் ஆண்டு புகாட்டி பிரெஷா கார் மூன்றாவது வகை. வண்டல் மண்ணுக்குள் புதைந்திருந்த பக்கம் நீருக்கு வெளிப்பட்ட பக்கத்தைவிட நன்றாக இருந்தது. ஏலத்தில் 2,60,500 யூரோ கொடுத்து வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் அதைச் சீரமைக்காமல், ஏரி விட்டுவைத்த கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார். டல்சாவின் பிளிமத்தை அதே கண்ணால் 2007-லேயே பார்த்திருந்தால் நேரமும் வேதனையும் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த அறை

டல்சா நகரம் இன்னொரு காரையும் மூடி வைத்திருக்கிறது. நகரத்தின் நூற்றாண்டையொட்டி 1998-இல் ஒரு பிளிமத் ப்ரவுலர் காப்பறையில் வைக்கப்பட்டது. திறக்கவேண்டிய ஆண்டு 2048. முதல் அறையைத் திறப்பதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டதாயினும், இந்தமுறை அறை தரைக்கு மேலே நிற்கிறது. அது ஒன்றே பாதிப் பிழையைத் திருத்திவிட்டது. ப்ரவுலரின் சட்டத்திலும் பாடியிலும் அலுமினியம் அதிகம் என்பதால், பெல்வடியருக்கு நேர்ந்த வகைத் துரு அதைப் பெரிதாகத் தொடாது. ஆனால் அலுமினியமும் எஃகும் சந்திக்கும் திருகு, மறை, பிடிமானம் ஒவ்வொன்றிலும், ஈரம் இருந்தால், அலுமினியம் தன்னை இழந்து எஃகைக் காக்கும். வெண்பொடியாக அது உதிர்வதைப் பழைய வண்டிகளில் பணியாற்றியவர்கள் அறிவார்கள். பேட்டரி, டயர், ரப்பர்க் குழாய், பெட்ரோல் தொட்டியில் ஏதேனும் விட்டுவைத்திருந்தால் அதன் அடியில் உறைந்த பிசின் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளும் அப்படியே உள்ளன. 2048-இல் அறையைத் திறப்பவர்கள் சாவியைத் தேடுவதற்குமுன் ஈரப்பதமானியையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது.